கெர்மொரெக்கில் உறவினர் இல்லை

அத்தியாயம் 5

துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாகக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மெல்லிய குரலில்தான் தொடங்குவார்கள். அன்ரனெற் இருக்கவே இல்லை. கைப்பையை மேசையில் வைத்தார், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், எடுத்த எடுப்பிலேயே நிபந்தனையைச் சொன்னார்.

"என்ர பாஸ்போட்டை நான் காட்டமாட்டன். பிளேன் ரிக்கெற்றையும் காட்டமாட்டன். அதுகள் இல்லாமல் நான் பிரான்சுக்குப் போனனான் எண்டு நிரூபிக்க ஏலுமோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் போறன்."

என் முதலாளி வீரக்குட்டி பேனையை மூடி வைத்தார். அவர் மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பார்சல் கிளாக்காக இருந்தவர். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு துப்பறிகிறார். நான் கஜனி. அவருக்குக் கார் ஓடத் தெரியாது, ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பிடிக்காது, ஆட்களை ஏச மனம் வராது. இந்த மூன்றையும் செய்யத்தான் எனக்குச் சம்பளம். மூன்றாவதைச் சம்பளம் இல்லாமலும் செய்வேன்.

"இரிங்க தங்கச்சி" என்றார் வீரக்குட்டி. "முதல்ல நடந்ததச் சொல்லுங்க."

1997 ஆனி மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம். கீழே கடையில் யாரோ முருங்கைக்காயின் விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் அன்ரனெற் நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு செபக்குழு வைத்திருக்கிறார்கள். வைகாசி, அதாவது மே, மாதாவின் வணக்கமாதம். அந்த மாதம் மாதாவின் சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும், ஒரு வீட்டில் ஒரு கிழமை. சனிக்கிழமை பின்னேரம் குழுத் தலைவர் சவிரிமுத்து சுரூபத்தை வெள்ளைத் துணியால் மூடித் தன்னுடைய வானில் ஏற்றி அடுத்த வீட்டில் இறக்குவார். ஊரில் என்றால் ஒழுங்கை முழுக்க வந்து நின்று செபமாலை சொல்லியிருக்கும். இங்கே ஆளுக்கொரு ஷிப்ட். வீட்டுக்காரர் மட்டும் செபம் சொல்லுவார்கள், சுரூபம் புறப்படும் நாளில் அதைப் படம் எடுத்துக் குழுவின் ஆல்பத்துக்குக் கொடுப்பார்கள்.

சுரூபத்தின் கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி. பிள்ளைகுட்டிகளோடு உயிர் தப்பிக் கனடா வந்து சேர்ந்தால் தருகிறோம் என்று நேர்த்தி வைத்தவர்கள் ஒரு தோடு, ஒரு மோதிரம், அறுந்த மூக்குத்தி என்று கொடுத்து, எல்லாவற்றையும் உருக்கிச் செய்த கெட்டிச் சங்கிலி. வைகாசி முடிவில் பார்த்தால் சங்கிலி கறுத்துப் போய்க் கிடந்தது. தங்கத்தை யாரோ எடுத்துவிட்டு, முலாம் பூசிய கில்ற் சங்கிலியை மாட்டியிருந்தார்கள்.

குழு ஆல்பத்தைப் புரட்டியது. முதல் இரண்டு வீட்டுப் படங்களில் அகல வளையம் போட்ட பழைய சங்கிலி. நாலாவது வீட்டுப் படத்தில் ஒல்லி வளையம். மூன்றாவது வீட்டுப் படம் ஆல்பத்திலேயே இல்லை. பட்டியலின்படி மூன்றாவது வீடு அன்ரனெற்றின் வீடு, மே பதினேழிலிருந்து இருபத்துநாலு வரை.

அந்தக் கிழமை தான் கனடாவிலேயே இல்லை என்பது அன்ரனெற்றின் பதில். பிரான்சில் பிரெத்தான் பகுதியில் கெர்மொரெக் என்று ஒரு நாட்டுப்புறத்துச் சிற்றூர், அங்கே சுற்றிப்பார்க்கப் போயிருந்தாராம். போகும்போது சுரூபத்தைப் பொறுப்பேற்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் கிளடிஸிடம் கேட்டுக்கொண்டாராம். கிளடிஸ் குழுவின் முன்னால் நின்று அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

நாளை மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் மண்டபத்தில் அன்ரனெற்றின் பெயரை வாசித்து, குழுவிலிருந்தும் பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்பிலிருந்தும் நீக்கப் போகிறார்கள். ஒன்பது வருடமாக அந்த வகுப்பை நடத்துகிறவர் அவர். ஐம்பத்தொரு வயது, புருசன் செத்துப் பதினாலு வருடம், சீவியத்துக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் நின்ற நிலையில் வேலை. கள்ளி என்ற பெயரோடு அதே தெருவில் எப்படி இருப்பது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் சொல்லும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கெர்மொரெக்கில ஆர் இரிக்காங்க?" என்று வீரக்குட்டி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"சொந்தக்காரர்?"

"இல்லை எண்டுதானே சொல்லுறன்."

உள்ளதைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நானும் அவரை நம்பவில்லை. எங்கள் சனம் உறவுக்காரர் இல்லாத ஊருக்குப் போகாது. நயாகராவுக்குப் போவதே லண்டனிலிருந்து வந்த மச்சாளுக்குக் காட்டத்தான். பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் சித்தப்பாவின் வீட்டுச் சோபா, இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, அதோடு திரும்பிவிட வேண்டியது. ஒரு பெண் தனியே, ஒரு சாவீடு கூட இல்லாமல், பெயர் சொல்லவே நாக்குச் சுளுக்கும் ஒரு ஊருக்குப் போனார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஏன் கிளடிஸைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு முதல் தடவையாக நம்பிக்கை வந்தது. பிரான்சுக்குப் போகிறேன் என்று வாய் திறந்திருந்தால் ரூஜிலிருந்து விட்பி வரை உள்ள சனம் முழுக்கப் பார்சலோடு வாசலில் நின்றிருக்குமாம். தம்பிக்கு மிளகாய்த்தூள், மருமகளுக்குச் சேலை, பேரப்பிள்ளைக்குக் காப்பு. அதை வீடு வீடாகக் கொடுத்து முடியப் பத்து நாளும் முடிந்துவிடும். பாரிசில் இருக்கும் சொந்தக்காரர் பதின்மூன்று குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வராமல் போனால் செத்த வீட்டுக்கும் வரமாட்டோம் என்று நிற்கும்.

வீரக்குட்டி தலையை ஆட்டினார். பார்சல் என்றால் அவருக்கு விளக்கம் தேவையில்லை.

பிறகு பாஸ்போட்டுக்கு வந்தார். ஒரு முத்திரையைக் காட்டினால் முடிகிற காரியம், ஏன் இந்தப் பிடிவாதம் என்று தன்மையாகத்தான் கேட்டார். அன்ரனெற் அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, பத்துப் பதினைஞ்சு வருசமா நான் அடையாள அட்டையை, அந்த ஐசியை நீட்டிக்கொண்டு திரிஞ்சனான். ஆனையிறவில நீட்டினன், வவுனியாவில நீட்டினன், கொழும்பில படுக்கிற பாயிலயும் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுத்தனான். ஆர் நீ, எங்க போறாய், ஏன் போறாய். அதெல்லாம் துவக்கு வைச்சிருந்தவன் கேட்டவன், காட்டினன். சவிரிமுத்து ஆர் எனக்கு? நான் கள்ளி இல்லை. இல்லாததுக்கு நான் ஏன் பேப்பர் காட்டோணும்?"

முதலாளி பேனையைத் திரும்பத் திறந்தார். பிறகு, பாஸ்போட்டைத் தொடாமலே பார்ப்போம் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் கையில் இருந்தது ஒன்றரை நாள்தான்.

அன்ரனெற் கைப்பையிலிருந்து படக் கவர் ஒன்றை எடுத்து வைத்தார். இருபத்துநாலு படம். ஒன்றில் கூட அவர் இல்லை. தனியே போனவரை யார் படம் எடுப்பது? குழுவுக்கு இது போதுமாக இருந்தது. கலண்டர் படங்களைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கறுப்புக் கல் ஓடு வேய்ந்த வீடுகள். மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தை மண்டபம். கோயில் முற்றத்தில் ஒரே கல்லுச் சிலுவையின் அடியில் செதுக்கிய நாற்பது ஐம்பது ஆட்கள், இயேசுவின் பாடுகளின் கதை முழுக்க. வயலுக்கு நடுவே, எந்தக் காலத்தில் யார் நட்டதென்று தெரியாமல், இரண்டு ஆள் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் தனிக்கல். ஊர்த் திருவிழாவில் வெள்ளை லேஸ் தொப்பி போட்ட பெண்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு பேக்கரியின் கண்ணாடிக்குள் அதே தொப்பிக்காரியின் படம் போட்ட நீல பிஸ்கட் ரின்கள். மிச்சம் எல்லாம் கால்வாய். நீர்க் கதவு, அதைத் திறந்து மூடுகிறவரின் பூந்தோட்டம், கரையோரம் நேரே போகும் மண்பாதை, அதில் சாய்த்து வைத்த ஒரு சிவப்புச் சைக்கிள்.

பல் டொக்டரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் அந்தக் கால்வாயைக் கண்டாராம். இரண்டு வருடம் அந்தப் பக்கத்தை பைபிளுக்குள் வைத்திருந்தாராம். அங்கே ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் பார்த்தார், இரண்டு தரம் கரையில் மோதினார், சிரித்தார். சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் இருபது மைல் ஓடினார்.

"ஒரு சென்றி இல்லை, ஒரு ஆமிக்காரன் இல்லை, பிள்ளை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "இறங்கி உருட்டு எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை. அதுதான் நான் கண்ட புதினம்."

வீரக்குட்டி கடைசியாக ஒன்று கேட்டார். வரும்போது யாருக்கு என்ன கொண்டுவந்தீர்கள்? அன்ரனெற்றின் முகம் இறுகியது. கொடுத்த சாமானைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை என்று எழுந்துவிட்டார்.

அவர் படியிறங்கிப் போனதும், இப்படியான கட்சிக்காரர் இருந்தால் எதிராளியே தேவையில்லை என்று நான் புறுபுறுத்தேன். முதலாளி சிரித்தார்.

"சொல்லமாட்டன் எண்டதால ஏதோ குடுத்திரிக்கா எண்டு தெரியுது. ஆருக்குக் குடுத்திரிப்பா புள்ள? தனக்கு உதவி செஞ்ச ஆளுக்கு."

சனிக்கிழமை காலை நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் ஏறி அஜக்ஸுக்குப் போனோம். கிளடிஸிடம் போவதற்கு முன்னம் தலைவரின் வாயைப் பார்க்க வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். சவிரிமுத்துவின் வீடு புத்தம் புதிது, புல்லே இன்னும் முளைக்கவில்லை. ஆள் வாசலிலேயே நின்று கை கொடுத்தார். சோபாவில் இருத்தினார். இரண்டு கிழமைக்கு முன்னம் மொன்றியலில் நடந்த மகளின் கலியாணக் கேக் துண்டுகளைத் தங்கத்தாளில் சுற்றி ஆளுக்கு இரண்டு தந்தார். அந்தக் கலியாணத்துக்குப் போனபடியால்தான் வணக்கமாத முடிவு நாளில் தன்னால் நிற்க முடியவில்லை, நின்றிருந்தால் இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டேன் என்று மிகவும் மனவருத்தப்பட்டார்.

வீரக்குட்டி தாழ்மையாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் அப்படி ஆட்டினால் எதிரில் இருப்பவர் இன்னும் நிறையச் சொல்லுவார். சவிரிமுத்துவும் சொன்னார். மே பதினேழு, சனி, பின்னேரம் ஐந்து மணிக்குச் சுரூபத்தை அன்ரனெற்றின் கையிலேயே கொடுத்தாராம். அவர் நீலச் சட்டை போட்டிருந்தாராம். இருபத்துநாலாம் திகதி திரும்ப அவர் கையாலேயே வாங்கினாராம். துணியால் மூடியிருந்ததால் சங்கிலியைக் கவனிக்கவில்லையாம்.

"பிரான்ஸ் எண்டிறதெல்லாம் சும்மா கதை" என்றார். "உறவு இல்லாத ஊருக்கு ஆரும் போவினமே? போறவ எண்டால் என்ர தமக்கைக்கு ஒரு பார்சல் கொண்டுபோகாமல் போவாவே? பாஸ்போட்டைக் காட்டச் சொல்லுங்கோ, முடிஞ்சுது."

பொலிசுக்குச் சொன்னீர்களா என்று நான் கேட்டேன். எங்களுடைய விசயத்தை வெள்ளைக்காரனிடம் கொண்டுபோய் மானம் கெடுவதா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கேக் நன்றாக இருந்தது. காருக்குள் என்னுடைய இரண்டையும் முதலாளியின் ஒன்றையும் சாப்பிட்டேன்.

கிளடிஸின் வீடும் அன்ரனெற்றின் வீடும் ஒரே சுவரில் ஒட்டிய இரட்டை வீடு. முன்படி கூட ஒன்றுதான். கிளடிஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருசன் இன்னும் கொழும்பில், ஸ்பொன்சர் பேப்பர்கள் எம்பசியில். நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் என்ன, வாங்கோ, இருங்கோ, ரீ குடிக்கிறீங்களோ என்றுதான் கேட்டார். தன்னைப் பிடிக்க வந்தவர்களையும் ரீ கொடுக்காமல் அனுப்ப எங்கள் சனத்துக்குத் தெரியாது.

முதலாளி சோபாவில் இருந்து நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் கிளடிஸ் இல்லை என்றுதான் சொன்னார். அன்ரனெற் அன்ரி எங்கேயும் போனது தனக்குத் தெரியாது. சுரூபம் தன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அன்ரியோடு தனக்குக் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் இல்லை. நன்றாகப் பாடமாக்கிய பதில்கள். கேட்காத கேள்விக்கும் ஒன்று கூடுதலாகச் சொன்னார்.

ரீ ஊற்ற எழுந்தபோது நானும் கூடவே எழுந்தேன். ஒரு வீட்டுக்குப் போனால் பொம்பிளைப் பிள்ளை சோபாவில் குந்தியிருக்கக்கூடாது, குசினிக்குள் போய் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று என் அம்மா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது இந்தத் தொழிலில் எனக்கு எவ்வளவு உதவி என்று அம்மாவுக்குத் தெரியாது.

கிளடிஸ் தண்ணீர் கொதிக்க வைத்தார். நான் கோப்பைகளை எடுத்தேன். சீனி எங்கே என்று கேட்டு அலுமாரியைத் திறந்தேன். சீனி கோப்பிப் போத்தலுக்குள் இருந்தது. பருப்பு மார்ஜரின் டப்பாவுக்குள் இருந்தது. எல்லாம் எங்கள் வீட்டு ஒழுங்கில்தான். மேல் தட்டில், இரண்டு சரக்குப் போத்தலுக்கு நடுவில், ஒரு நீல ரின். அதில் வெள்ளை லேஸ் தொப்பி போட்ட ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேற்றுப் பின்னேரம்தான் அவளைப் பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்த்திருந்தேன். மெல்ல எடுத்து மூடியைத் திறந்தேன். மிளகாய்த்தூள், கழுத்து வரை. பிஸ்கட் எப்பவோ முடிந்திருக்கும். எந்தப் பொய்யைச் சொன்னாலும், இறுக்கமான மூடி போட்ட ஒரு நல்ல ரின்னை எறிய எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு மனம் வரும்? மூடியை அமத்தி, மெல்லக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். பேக்கரிக்காரர் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கெர்மொரெக், பெந்தெகொஸ்தே என்ற பெயர்களை வாசிக்கத் தெரியும், இலக்கமும் தெரியும். பெந்தெகொஸ்தே திருவிழா, 17, 18, 19 மே 1997.

ரின்னைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் முன்னால் வைத்தேன். கிளடிஸ் ரீத் தட்டத்தோடு பின்னால் வந்தார். வந்தவர் ரின்னைக் கண்டதும் தட்டத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சுவரோடு நின்றார்.

"இது ஸ்காபரோவில விக்கிற சாமான் இல்ல" என்றார் வீரக்குட்டி அடியை வாசித்துவிட்டு. "எங்கயும் போகாத ஆள் இத எங்க வாங்கினா மகள்?"

கிளடிஸ் அழத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே படியில் ஏறி இறங்குகிற மனுசி, நம்பிக்கையாக ஒரு உதவி கேட்டவர், திரும்பி வந்து பிஸ்கட்டும் தந்தவர், அவரையா கள்ளி ஆக்கினீர்கள், சங்கிலி எங்கே என்று நன்றாகவே கேட்டுவிட்டேன். இன்னும் கேட்டிருப்பேன். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ எடுக்கல்ல புள்ள."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பதினேழாந் திகதி ஆர் கெர்மொரெக்கில நிண்ட? அன்ரனெற். அப்ப அதே பதினேழாந் திகதி அஞ்சு மணிக்கு நீலச் சட்டையோட ஆர் நிண்ட? சுரூபத்தக் கையில குடுத்தன், கையால வாங்கினன் எண்டு காலையில எங்களுக்குக் கேக் தந்து சொன்ன ஆள் ஆர்? இந்தப் புள்ள பொய் சொல்லுது, சரி. சவிரிமுத்துவுக்கு என்ன வந்தது பொய் சொல்ல?"

காலையில் தின்ற கேக் துண்டு மூன்றும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு ரின் ஒரு பொய்யைத்தான் பிடித்தது என்று நினைத்திருந்தேன்.

கிளடிஸ் எல்லாவற்றையும் சொன்னார். அன்ரி வீட்டில் இல்லை என்று தான் சொன்னபடியால் சுரூபத்தைத் தன் வாசலில் இறக்கியதும் தன் வாசலிலிருந்து ஏற்றியதும் சவிரிமுத்துதான். சங்கிலி கறுத்த செய்தி வந்த அன்று இரவே ரெலிபோன் எடுத்தாராம். பட்டியலில் உன் பெயர் இல்லை, நாலாவது வீட்டுக்குப் போக முன்னம் சுரூபம் இருந்தது உன்னிடம், பொலிஸ் வந்தால் உன்னைத்தான் பிடிக்கும், உன் புருசனின் பேப்பர் குப்பைக்குள் போகும், நீ வாயைத் திறக்காமல் இரு, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றாராம். பயத்தில் சரி என்றாராம். பிறகு குழு கூடியபோது பின்வாங்கத் தெரியவில்லையாம்.

"படம் எடுத்தனீங்களா?" என்று வீரக்குட்டி கேட்டார். "சுரூபம் போகக்குள்ள எல்லாரும் எடுக்கிறதாமே."

கிளடிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், துணி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தார். குழுவிடம் கொடுக்கவும் பயம், மாதாவின் படத்தைக் கிழிக்கவும் பயம். படத்தின் மூலையில் கமரா அடித்த திகதி, 97 5 24. நடுவில் மாதா, கழுத்தில் அகல வளையம் போட்ட கெட்டிச் சங்கிலி மின்னிக்கொண்டு. பக்கத்தில், வெள்ளைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கமரா தெரிந்தால் அதற்குள் வந்து நிற்காமல் விடமுடியாத சவிரிமுத்து, வானில் ஏற்றுவதற்கு முன்னால்.

முதலாளி அங்கிருந்தே சவிரிமுத்துவுக்கு ரெலிபோன் எடுத்தார். அதிகம் பேசவில்லை. ரின்னையும் படத்தையும் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்தபடி வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கனமான சங்கிலி கேட்டார்களாம். மகள் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு மட்டும் கழற்றினாராம், திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுகிற எண்ணமாம். அதற்குள் கில்ற் கறுத்துவிட்டது. பிறகு யார் தலையிலாவது கட்ட வேண்டும். படம் இல்லாத வீடு, புருசன் இல்லாத பெண், எங்கே போனாள் என்று சொன்னாலும் எவரும் நம்பாத ஊர். எல்லாம் அவருக்கு வசதியாக அமைந்துவிட்டது.

அன்று மாலையே சமாதானத்துக்கு ஆள் வந்தது. குழுவின் செயலாளர் எங்கள் அலுவலகப் படியேறி வந்து மூச்சு வாங்கினார். சங்கிலி இரவோடிரவாக மொன்றியலிலிருந்து வருகிறதாம். சவிரிமுத்து உடல்நிலை காரணமாகத் தலைவர் பதவியை விடுகிறாராம். அன்ரனெற்றிடம் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்பாராம். நாளைக்கு மண்டபத்தில் ஒன்றும் வாசிக்காமல் விட்டுவிடுவோம், நாலு பேருக்குத் தெரியாமல் முடித்தால் எல்லோருக்கும் மரியாதை என்றார். யாருடைய மரியாதை என்று நான் கேட்டேன். முதலாளி என்னை அடக்காமல் விட்டார்.

அன்ரனெற்றுக்கு ரெலிபோனில் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளடிஸ் தன்னோடு கதைக்க வந்தால் கதவைத் திறக்கமாட்டேன், இப்போதைக்கு ஏலாது என்றார். பிறகு செயலாளரிடம் கொடுக்கச் சொன்னார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"என்ர பேரை வாசிக்கிறதெண்டு முடிவு எடுத்தனீங்கள். ரெண்டு கிழமையா ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிஞ்சனீங்கள். வாசியுங்கோ. என்ன வாசிக்கிறதெண்டு நான் எழுதித் தாறன். சவிரிமுத்து வாசிக்கோணும். இல்லாட்டி அந்தப் படத்தை நான் பொலிசிட்டக் குடுக்கிறன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபம் நிரம்பிவிட்டது. பெயர் வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மற்ற நாளில் பூசைக்கே வராதவர்களும் வந்திருந்தார்கள். நானும் முதலாளியும் கதவடியில் நின்றோம். மாதா மேசையில், கழுத்தில் கெட்டிச் சங்கிலி திரும்ப வந்திருந்தது. அன்ரனெற் முதல் வரிசையில் தனியே இருந்தார். அவருக்கு இரண்டு பக்கத்திலும் கதிரைகள் காலி. கிளடிஸ் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சவிரிமுத்து ஒரு தாளோடு எழுந்தார். அது அன்ரனெற் கையால் எழுதிய தாள். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். சனம் அன்ரனெற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டு குசுகுசுத்தது.

"அன்ரனெற்" என்று வாசித்தார். "மே பதினைந்து தொடக்கம் இருபத்தாறு வரை பிரான்சில் கெர்மொரெக் என்ற ஊரில் இருந்தார். அந்த ஊரில் அவருக்கு உறவினர் ஒருவரும் இல்லை. ஒருவரையும் பார்க்கப் போகவில்லை. பழைய கோயில்களைப் பார்க்கவும், படகு ஓடவும், கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓடவும் போனார். அது அவருடைய லீவு, அவருடைய விருப்பம்."

அங்கே நின்றுவிட்டார். தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது. மண்டபத்தில் ஒரு கைக்குழந்தை மட்டும் சத்தம் போட்டது. செயலாளர் நிலத்தைப் பார்த்தார். சவிரிமுத்துவின் உதடு அசைந்தது, குரல் காற்றாகத்தான் வந்தது. முன்னால் இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் விளங்கியிருக்கும். மூன்றாவது வரிசையில் ஒரு அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்ரனெற் எழுந்து நின்றார். திரும்பி மண்டபம் முழுவதையும், முகம் முகமாக, ஆறுதலாகப் பார்த்தார். பிறகு சவிரிமுத்துவிடம் சொன்னார்.

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கடைசி வரி கேக்கேல்லை. இன்னொருக்கா வாசியுங்கோ."

அவர் வாசித்தார். இந்த முறை கதவடியில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"சங்கிலியை எடுத்தது நான்."